கொழுந்துக் கூடையும் கற்பலகையும்

இரண்டு இருநூறாண்டு நிறைவுகள் அடுத்தடுத்து வந்து போயின. 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள், கோப்பித் தோட்டங்களுக்குத் தம் முன்னோர் கொண்டுவரப்பட்டதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். அதற்கடுத்த ஆண்டில் உடுவில் மகளிர் கல்லூரி தனது இருநூறாவது ஆண்டை எய்தியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் அதனைத் தொடங்கியபோது, பெண்களுக்கென்று அமைந்த விடுதிப் பாடசாலை ஆசியாவிலேயே அரிய பொருளாக இருந்தது. ஒரே தீவில், ஒரே மொழி பேசும் மக்களிடையே, ஏறக்குறைய ஒரே வேளையில் தொடங்கிய இரு வரலாறுகள் இவை. இரண்டையும் தனித்தனியே கொண்டாட நமக்குத் தெரிந்திருக்கிறது. ஒருசேர வைத்து நோக்கும் பழக்கந்தான் இல்லை.

நோக்கினால் சங்கடமான கேள்வி ஒன்று எழும். உடுவிலிற் பாடசாலை தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபோது, 1914இல், அங்கே கற்ற மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவலாக அது கணிக்கப்படுகிறது. மலைநாட்டின் கதையோ வேறு. கொழுந்து கிள்ளும் பெண்ணைப் பற்றிக் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்று ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. கொழுந்து கிள்ளிய கையே எழுதியது என்று நாம் எடுத்துக்காட்டக்கூடியதோ மிகச் சொற்பம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டால் நம்மிற் பெரும்பாலோர் தயங்காமல் ஒரு விடையைச் சொல்வர்: தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது. தோட்டத்துரை சொல்லிவந்த இந்த விடையை நமது எழுத்தாளர்கள், முற்போக்காளர் உட்பட, அதிகம் ஆராயாமலே தமது கதைகளின் அடித்தளமாக்கிக்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

யாழ்ப்பாணத்தை உயர்த்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். உடுவிற் பாடசாலை எழுந்தது பெண்ணின் விடுதலையை எண்ணி அல்ல. மதம் மாறிக் கல்வி கற்ற ஆடவருக்குத் தகுந்த கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவது மிஷனரிமாரின் நோக்கங்களுள் முதன்மையானது. ஆரம்பகால மாணவியரின் திருமணத்துக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. அதற்கு எதிர்வினையாகச் சைவர் செய்தவையும் இதே தடத்திற் சென்றவைதாம். 1913இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர். பொன்னம்பலம் இராமநாதன், டொனமூர் காலத்திற் சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றவர். பெண் படிக்கலாம், ஆனால் வாக்களிக்கலாகாது என்ற அந்த நிலைப்பாட்டில், படிப்பு எதற்காக என்பது வெளிப்படையாகவே தெரிகிறது. படித்த பெண்ணுக்குக் கலியாணச் சந்தையில் மதிப்பு அதிகம். சீதனத்தோடு சேரும் இன்னொரு நகை அவளது சான்றிதழ். சாதியின் பேராற் கல்வி மறுக்கப்பட்ட கிராமங்களிலோ அந்த நகையும் இல்லை. பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற உத்தரவு 1930ஐ ஒட்டிய காலத்தில் வந்தபோது குடாநாட்டில் என்ன நிகழ்ந்தது என்பதை நமது ஆசிரியர் சமூகம் மறந்திருக்க நியாயமில்லை. எரிந்த பள்ளிக்கூடங்களிற் பெண்பிள்ளைகளும் படித்தார்கள்.

ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. எந்த நோக்கத்தோடு கொடுக்கப்பட்டாலும் எழுத்து கைக்கு வந்தபின் அது கொடுத்தவரின் நோக்கத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. நல்ல மனைவியராக்குவதற்கென்று எழுப்பிய பாடசாலையிற் படித்த பெண், கணவன் வீட்டில் நொறுங்கும் பெண்ணைப் பற்றி நாவல் எழுதினாள். மலைநாட்டில் அந்த முதற்படியே வெட்டி விடப்பட்டது. அதை வெட்டியது பெற்றோரின் அறியாமையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குப் பெரும்பாலும் ஆடவர் வந்து போனார்கள். கோப்பி நோயால் அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை மலையெங்கும் பரவியபோது நிலைமை மாறிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகக் குடியமர்த்த வேண்டியதாயிற்று, லயங்கள் எழுந்தன. கொழுந்து கிள்ளுவது பெண்ணின் வேலையென வகுக்கப்பட்டது. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் அச்சாணியே பெண்ணின் விரல்களாயின. இந்த ஏற்பாட்டிற் பாடசாலைக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைச் சட்டங்களே சொல்கின்றன. தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதற் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி அளிக்கத் தோட்டத்துரை ஏற்பாடு செய்யவேண்டும் என்றது 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம். பத்து வயதோடு கடமை தீர்ந்தது. இருபது ஆண்டுகளின் பின் வந்த 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமோ ஆண், பெண், சிறுவர் என மூன்று கூலி விகிதங்களை வகுத்தது. ஒரு சட்டம் பிள்ளையைப் பத்து வயதில் வகுப்பிலிருந்து வெளியே விட்டது. மற்றச் சட்டம் அதே பிள்ளையைக் கூலிப் பட்டியலில் ஏற்றியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவரும் பெற்றோரின் அறியாமையைப் பற்றிப் பேச வெட்கப்படுவர்.

பின்னர் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1931இல் வாக்குரிமை பரவியது. 1945இற் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து, மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுசென்றன. தோட்டப் பாடசாலைகள் அந்த நீரோட்டத்துக்கு வெளியே துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தன. 1948இலும் 1949இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபின், அவற்றுக்காகக் குரல்கொடுக்கும் பலமும் இல்லாது போயிற்று. வாக்கில்லாதவனின் பிள்ளைக்கு எந்த அமைச்சர் பள்ளிக்கூடம் கட்டுவார்? தோட்டங்கள் தேசிய மயமான எழுபதுகளிலேதான் அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984 வரை காத்திருந்தது.

இவை எல்லாம் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொதுவான அநீதிகள் அல்லவா என்று கேட்கலாம். பொதுவானவைதாம், ஆனால் இரண்டு பேர்மீதும் ஒரே வகையாக விழவில்லை. இங்குதான் நமது இலக்கியம் பார்க்கத் தவறிய இடத்துக்கு வருகிறோம்.

தோட்டத்தின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்த தாய் பிரட்டுக் களத்துக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறுகிறாள். நிறுக்கும் வேளைகளைத் தவிர மாலை வரை கூடை முதுகிலேயே இருக்கிறது. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்; அன்றைய கூலியிற் பாதி போய்விடும். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடலாம். அங்கே விட முடியாதவை பல உள்ளன: பீலியிலிருந்து வரவேண்டிய தண்ணீர், பொறுக்க வேண்டிய விறகு, காய்ச்சலோடு படுத்திருக்கும் தம்பி, அடுப்பு, கிழவி. தாயின் இரு கைகளும் மலையில் இருக்கும்போது லயத்தில் இன்னும் இரு கைகள் வேண்டும். அந்தக் கைகள் மூத்த மகளுடையவை. அவள் பாடசாலைக்குப் போனால் தாய் முழுப்பேர் போட முடியாது. கொழுந்து பெருகும் மாதங்களில் இது இன்னும் கடுமையாகும். வகுப்பறை இடாப்பில் அந்த மாதங்களிற் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே விழும் அடையாளங்களை எண்ணிப் பார்த்த ஆசிரியர் எவரும் இதற்குச் சாட்சி சொல்வார்.

ஆகவே, பாடசாலைக்கு வராத சிறுமி வீட்டிற் சும்மா இருப்பவள் அல்லள். தேயிலை உற்பத்தியில் அவளும் ஒரு தொழிலாளி. செக்றோலிற் பெயரில்லாத, கூலியில்லாத தொழிலாளி. அவளது பத்து வயதும் பதினோரு வயதும் தேயிலையின் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. தோட்ட நிருவாகம் தாய்க்குக் கொடுக்கும் கூலியாலே மகளின் உழைப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. இவ்வளவும் நடந்தபின் அதே நிருவாகம் "இவர்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள் இல்லை" என்று அறிக்கை எழுதவும் செய்தது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மலைநாட்டைப் பற்றிய எழுத்துக்களில் நாம் பெருமையோடு குறிப்பிடுவன சில உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டின் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர், தொழிற்சங்கவாதி, தம் மக்களின் துயரைத் தம் துயராக உணர்ந்த கவிஞர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஐம்பதுகளில் அவர் எழுதிய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுந்தது. சக்தீ பால ஐயாவின் தமிழாக்கம் அறுபதுகளின் இறுதியிலேயே நூலாயிற்று. எந்தப் பெண்களின் உழைப்பை அது பாடிற்றோ அவர்களால் அதை முதலில் ஒரு மொழியிலும், பிறகு தமது மொழியிலுமாக இருமுறை படிக்க முடியாமற் போயிற்று. வேலுப்பிள்ளையைக் குறை சொல்ல நாம் துணியவில்லை. தமிழில் மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குரல் கொழும்பைக்கூட எட்டியிராது. எனினும், பாடுபொருளாகிய பெண் வாசகியாக முடியாத நிலை அந்தக் கவிதையின் பிறப்போடு ஒட்டியது என்பதை அதன் புகழைப் பேசுவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. தோட்ட வாழ்வை நாவலாக்கிய முன்னோடி முயற்சி. அதையும் ஒரு பெண் செய்தார் என்பது சிறப்பு. பெண்ணின் பாடுகளை அனுதாபத்தோடு தொடர்ந்து செல்லும் நாவல் அது. அனுதாபம் அதன் பலம். அதுவே அதன் எல்லையும்கூட. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (1980) நமக்குக் கிடைத்த சிறந்த சிறுகதைத் தொகுதிகளுள் ஒன்று. தலைப்புக் கதையில், எடுத்த கொழுந்தின் நிறையே ஒரு பெண்ணின் மானத்துக்குச் சாட்சியாக வேண்டியிருக்கும் நிலையை அவர் எவ்வித ஆரவாரமுமின்றிக் காட்டுகிறார். தராசின் முன் நிற்கும் பெண்ணை இவ்வளவு கம்பீரமாக நம் இலக்கியத்தில் வேறு எவரும் நிறுத்தவில்லை. ஆயினும், இராமையாவுக்குப் பின் வந்தோர் அவரிடமிருந்து கூடையை மாத்திரம் எடுத்துக்கொண்டு தராசை விட்டுவிட்டனர். விளைவாகக் கூடை ஓர் அலங்காரமாயிற்று. விரல்களின் வேகம், பனி மூடிய மலை, நெற்றியில் அழுந்திய கயிற்றின் தழும்பு என்ற இவை ஒரு சடங்கைப் போல ஒவ்வொரு கதையிலும் வந்து போகின்றன. மலையில் நிற்கும் பெண்ணை எழுதினார்கள். லயத்தில் அடுப்பின் முன் நிற்கும் அவளது மகளை எழுதவில்லை.

எழுதியவர்களிற் பலர் ஆசிரியர்கள். ஆகவே, 'ஆசிரியர் கதை' என்று பெயரிடத்தக்க ஒரு வகையே நம் சஞ்சிகைகளில் வளர்ந்துவிட்டது. வாசகருக்கு அது நன்கு பழக்கமானது. வேற்று மாவட்டத்திலிருந்து இளம் ஆசிரியர் ஒருவர் தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வருகிறார். வகுப்பில் ஒரு சிறுமி மற்றெல்லோரையும்விடக் கெட்டிக்காரியாக இருக்கிறாள். ஆசிரியர் அவளிடம் எதிர்காலத்தைக் காண்கிறார். ஒருநாள் அவள் வருவதை நிறுத்திவிடுகிறாள். ஆசிரியர் லயத்துக்குப் போகிறார், தகப்பன் குடித்திருக்கிறான், தாய் பேசாமல் நிற்கிறாள். சில மாதங்களின் பின், மலையிற் கூடையோடு போகும் அவளைக் கண்டு ஆசிரியர் பெருமூச்செறிகிறார். அத்துடன் கதை முடிகிறது. சில வேளைகளில் அவருக்கு மாற்றலும் கிடைத்துவிடுகிறது.

இக்கதையை எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. நம் கவலை அதன் அமைப்பைப் பற்றியது. கதையில் எல்லாவற்றையும் ஆசிரியரின் கண்ணே காண்கிறது. அவர் காணாத நேரத்திற் சிறுமிக்கு வாழ்க்கையே இல்லை. அவள் வராத நாட்களில் என்ன செய்தாள் என்பதை அவரும் கேட்கவில்லை, கதையும் கேட்கவில்லை. குடித்த தகப்பன் காரணமாகக் காட்டப்படுகிறான். நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற விதி காட்டப்படுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் பாடசாலைக்கும் அடுத்த பாடசாலைக்கும் இடையே எத்தனை மைல், அந்தப் பாதையிற் பருவமடைந்த பெண் தனியே நடக்க முடியுமா, பாடசாலையில் அவளுக்கு மலசலகூடம் இருந்ததா என்பனவற்றில் ஒன்றேனும் கதைக்குள் நுழைவதில்லை. துயரம் இருக்கிறது, அதற்குக் காரணம் இல்லை. காரணமில்லாத துயரத்தை விதி என்று நம் பாட்டிமார் அழைத்தார்கள். முற்போக்குக் கதைக்கும் பழைய விதிக் கதைக்கும் இடையே இவ்விடத்தில் என்ன வேற்றுமை என்று நமக்குப் புரியவில்லை.

போராட்டக் கதைகள் இதற்கு மாற்றாக அமைந்தன எனச் சிலர் வாதிப்பர். வேலைநிறுத்தம், கொடி, கங்காணியின் சதி, தலைவரின் உரை எல்லாம் அங்கு உண்டு. தொழிற்சங்கச் சந்தா செலுத்துவோரிற் பெரும்பகுதியினர் பெண்கள். தலைமையில் இருப்போர் ஆண்கள். கதைகளும் இந்த விகிதத்தை ஒழுங்காகப் பின்பற்றின. துண்டுப் பிரசுரத்தைக் கதாநாயகன் உரக்க வாசிப்பான், பெண்கள் கேட்பார்கள். ஏன் அவன் வாசிக்கிறான், ஏன் அவர்கள் கேட்கிறார்கள் என்பதே ஒரு கதைக்கான பொருள் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை.

மீனாட்சி அம்மாளை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசையரின் துணைவியார் அவர், கூட்டங்களிற் பாடியவர். இலங்கையில் இந்தியர் வாழ்ந்த நிலையைப் பற்றி 1940இல் அவர் வெளியிட்ட பாடற் பிரசுரம் மிகச் சிறியது. இலக்கியச் சுவையென்று அளந்தால் அதிகம் தேறாது. ஆனால் அவருக்குத் தமது கேட்போர் யாரென்று தெரிந்திருந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கு எழுதுவதென்றால் காதுக்கு எழுத வேண்டும் என்பதை அவர் உணர்ந்து, அவர்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுக்களை எடுத்துக்கொண்டார். பெண்களை மூடரென்று எண்ணுபவர் இதைச் செய்யமாட்டார். மலைநாட்டுப் பெண்களிடையே வழங்கிய தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் எழுத்தறியாதோர் படைத்தவையே. அவற்றைப் பின்னாளில் வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்து அச்சேற்றினர். தொகுத்தவரின் பெயர் அட்டையில் இருக்கிறது; கட்டிய பெண்களின் பெயர்கள் எங்குமில்லை. பேர் போடுவதற்குக்கூட இன்னொருவரை நம்பியிருந்தவர்களுக்கு வேறென்ன நேரும்?

எமது வாதத்துக்கு ஒரு மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. யதார்த்தவாதி இருப்பதைத்தானே எழுத முடியும், அன்று பெண்பிள்ளைகள் பாடசாலையில் இல்லை, ஆதலாற் கதையிலும் இல்லை என்பர். யதார்த்தம் என்ற சொல்லுக்கு இவ்வளவு குறுகிய பொருளை ஏற்பதானால் புகைப்படக் கருவியே சிறந்த எழுத்தாளன். ஒருத்தி ஓரிடத்தில் இல்லாதிருப்பதற்கு அவள் வேறோரிடத்தில் இருப்பதே காரணம். அந்த இடத்தைக் காட்டுவதும் யதார்த்தவாதிக்குரிய வேலைதான். தானியேலின் 'பஞ்சமர்' (1972) யாழ்ப்பாணக் கிராமத்திற் கதவு யாருக்கு அடைக்கப்பட்டது, அடைத்தவர் யார், அதனால் அவருக்குக் கிடைத்த இலாபம் என்ன என்பவற்றைச் சேர்த்தே சொன்னது. மலைநாட்டுப் பெண்ணின் கல்வி விடயத்தில் அத்தகைய ஆத்திரத்தோடும் விபரத்தோடும் எழுந்த நாவல் எது?

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1997இற் கட்டாயக் கல்வி பதினான்கு வயது வரையும், 2016இற் பதினாறு வரையும் விதிக்கப்பட்டது. தோட்டத்துச் சிறுமிகள் ஆரம்ப வகுப்புக்களை இழப்பது அருகிவிட்டது. பல இடங்களில் அவர்களே ஆண்பிள்ளைகளைவிட நீண்டகாலம் நிலைத்துப் படிக்கின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இந்தச் சராசரியைக் காட்டி, பெண் கல்விப் பிரச்சினை இலங்கையில் தீர்ந்துவிட்டது என்று மேடைகளிற் பேசப்படுகிறது. நமது அரசாங்கப் புள்ளிவிபரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கின்றன. கிராமமென்று கணக்கிடப்படும் தகுதிகூடத் தோட்டத்துக்கு இல்லை. அந்த மூன்றாம் நிரலைப் பார்த்தால் மேடைப் பேச்சின் சுருதி இறங்கும். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலை பெரும்பாலும் தொலைவிலுள்ள பட்டணத்தில் இருக்கிறது. பஸ் கட்டணமும் அறை வாடகையும் நாட்கூலிக்காரியின் கணக்குக்குள் அடங்குவதில்லை. 2021இல் ஆயிரம் ரூபா நாட்கூலி வருவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது! தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போய்விட்டால், மூத்த மகள் பதினைந்து வயதிற் குடும்பத் தலைவியாகிறாள். கொழும்பு வீடுகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் எஞ்சியோரை எதிர்பார்த்திருக்கின்றன.

இலக்கியமும் மாறியிருக்கிறது. இன்று மலையகத்திற் பெண்கள் எழுதுகிறார்கள். அவர்களிற் பலர் லயத்திற் பிறந்து ஆசிரியைகளானவர்கள். ஆசிரியரின் பெருமூச்சோடு முடிந்த கதையை அவர்கள் மறுபுறத்திலிருந்து எழுதத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இவர்களிடையேயும் புதிய வாய்பாடு ஒன்று தலைகாட்டுகிறது: புலமைப் பரிசில் பெற்றவள், முதற் பட்டதாரி, மாலையோடு தோட்டத்துக்குத் திரும்பி வருபவள். அவளது வெற்றி உண்மையானது. அதனை எழுதவும் வேண்டும். அத்தகைய கதையொன்று அடுத்த முறை கைக்கு வரும்போது, அவள் பரீட்சைக்குப் படித்த இரவுகளிற் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் யார் என்று வாசகர் தேடிப் பார்க்கட்டும். அநேகமாக அவளுக்கு ஒரு தங்கை இருப்பாள். கதையின் இரண்டாம் பக்கத்தில் ஒருமுறை குடத்தோடு வருவாள். அதன் பிறகு காணப்படமாட்டாள்.